வாசலில் கிடக்கும் இடதுகால் செருப்புகள்

ஒரு காலுக்கு மட்டும் செருப்பு கேட்டால் நான் தரமாட்டேன். கீழ்வேளூர் கடைத்தெருவில் எங்கள் கடைக்கு வருகிற சரக்கெல்லாம் ஜோடியாகத்தான் வருகிறது. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை நான் என்ன செய்ய? ஆகவே மருதையன் முதல் தடவை கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து, "தஹ்மீனாக்கா, வலது கால் மட்டும் குடுங்க" என்றபோது, மனசு கேட்காமல்தான் சொன்னேன்: "ரெண்டையும் எடுத்துக்க தம்பி. இடது வீட்ல கெடக்கட்டும்."

அது அவன் வீட்டில் கிடக்கவில்லை. எங்கே கிடந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மருதையன் கல்யாண வீடுகளில் சமைத்துக்கொண்டிருந்தவன். கொஞ்சம் குத்தகை நிலமும் உண்டு. இது கடைமடை, தண்ணீர் வந்து சேர்ந்த வருஷம் விளையும், மற்ற வருஷம் வெறும் வெடிப்பு. அவனுக்குச் சர்க்கரை வியாதி என்பது தெருவுக்கே தெரியும். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் செந்தில்குமாருக்கும் தெரியும். மருதையனை அவன் என்றும் இவரை அவர் என்றும் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். பிடிக்காதவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே மரியாதை கொடுத்துத் தள்ளி வைப்பது என் பழக்கம்.

பசிபிக் கடலில் ஒரு பொட்டுத் தீவு. அதுவே ஒரு தனி நாடாம். அங்கே மீன் கம்பெனி ஆட்களுக்குச் சமைக்கிற வேலை என்றார் செந்தில்குமார். மெடிக்கலில் சர்க்கரை தெரிந்தால் விசா கிடைக்காது. அதற்கும் அவரே வழி சொன்னார்.

"என் ரத்தம் சுத்தமான ரத்தம்யா. உன் பேர்ல நான் குடுத்துடுறேன். சுகரெல்லாம் ஒரு வியாதியா? அங்க பெரிய ஆஸ்பத்திரியே இருக்கு."

தன் ரத்தத்தையே கொடுத்து அனுப்பி வைத்ததாக அதைக் கடைத்தெருவில் பெருமையாக வேறு சொல்லித் திரிந்தார்.

அந்தத் தீவைப் பற்றி மருதையன் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து நிறையச் சொல்லியிருக்கிறான். குழி வெட்டிக் கிழங்கு போட்ட இடத்திலெல்லாம் கடல் உப்பு ஏறிவிட்டதாம். கப்பல் கொண்டுவருவதுதான் சாப்பாடு. அரிசி, மாவு, டப்பாக் கறி, கலர் கலராகச் சர்க்கரைத் தண்ணி. நல்ல தண்ணீரைவிட அந்தக் கலர் மலிவு. வீட்டுக்கு வீடு சர்க்கரை வியாதி. இருப்பது ஒரே ஆஸ்பத்திரி, கப்பல் தாமதமானால் அங்கே இன்சுலினும் இல்லை, கட்டுத்துணியும் இல்லை.

"உலகத்தோட கடைமடைக்கா அது. நமக்குத் தண்ணி வராது, அவங்களுக்கு மருந்து வராது. ஆஸ்பத்திரி வாசல்ல செருப்பக் கழட்டிப் போடுவாங்க பாருங்க, பாதி ஒத்தச் செருப்பா கெடக்கும்."

அந்தச் சனங்களை ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டான். அங்கிருந்த நர்ஸ் பெண் தன் வீட்டுப் படுக்கை விரிப்பைக் கிழித்து, வெந்நீரில் அலசி, இவன் காலுக்குக் கட்டுப் போட்டாளாம். 

சர்க்கரையில் மரத்துப்போன இடது பாதத்தில் மீன் முள் குத்தியது அவனுக்கு உறைக்கவே இல்லை. சீழ் வைத்த பிறகுதான் பார்த்தான். ஏஜென்ட் ஒரு வார்த்தை சொன்னால் கம்பெனி ஊருக்கு அனுப்பிவிடும். போன் போட்டு அழுதான். செந்தில்குமார் சொன்னது இதுதான்: "சின்னப் புண்ணுதானே. மஞ்சளக் கொழச்சுப் போடு, ஆறிடும். நீ பாதியில வந்தா என் பேருல்ல கெட்டுப்போகும்?"

மருதையன் அதை நம்பினான். சமையல் மஞ்சளைக் குழைத்துப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தான். மருந்துக் கப்பல் வருவதற்குள் காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கும்படி ஆகிவிட்டது.

ஊர் திரும்பியதும் போலீசுக்குப் போனான். சர்க்கரையே இல்லை என்றிருந்த மெடிக்கல் ரிப்போர்ட்டைச் செந்தில்குமார் எடுத்து நீட்டி, "வியாதிய மறைச்சு என்னை ஏமாத்துனதே இவன்தான் சார்" என்றார். கேஸ் அங்கேயே படுத்துவிட்டது.   பொய்க்கால் வாங்கித் தருகிறோம் என்று யாரோ வந்தார்கள். மருதையன் வேண்டாம் என்றுவிட்டான்.

"அது வந்துட்டா இடது செருப்பு தேவைப்படுமேக்கா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

நான் கொடுத்த இடது செருப்பைச் செந்தில்குமார் ஆபீஸ் வாசலில் விட்டிருந்தான். வீசவில்லை. யாரோ கழற்றிவிட்டு உள்ளே போன மாதிரி, விரல் பக்கம் உள்ளே பார்க்க, ஒழுங்காக வைத்திருந்தான். சர்க்கரைக்காரர்கள் போடுகிற மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு அது, பார்த்தாலே தெரிந்துவிடும். செந்தில்குமார் எடுத்து வாய்க்காலில் எறிந்தார். முழுப் பாரமும் ஒரே காலில் விழுவதால் மருதையனுக்கு வலது சீக்கிரம் தேயும். அடுத்த ஜோடி வாங்கினான், அடுத்த இடதும் அங்கேயே போனது. பிறகு எறிந்து எறிந்து அவருக்கே சலித்து, வாசலில் வரிசையாகச் சேர ஆரம்பித்தது. செருப்பால் அடித்திருந்தால் கேஸ் போட்டிருப்பார். கழற்றி விட்ட செருப்புக்கு என்ன கேஸ் போடுவார்? ஊர் அவருக்குச் 'செருப்பு ஏஜென்ட்' என்று பெயரே வைத்துவிட்டது. அந்தப் பெயரைப் பரப்பியதில் எனக்கும் பங்குண்டு.

அப்புறம் மருதையன் தெருவிலேயே இருக்கும் மதிவாணன், அதே தீவுக்கு அதே வேலைக்குக் கிளம்பினான். அவனுக்கும் சர்க்கரை. இந்தத் தடவை ரத்தம் கொடுக்க வேறு ஆள் ஏற்பாடாகியிருந்தது. செந்தில்குமார் ஏன் தன் ரத்தத்தைக் கொடுக்கவில்லை என்று அப்போது நாங்கள் யோசிக்கவில்லை. மருதையன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். "ஒனக்கு ஆனது எனக்கும் ஆகணுமா?" என்று மதிவாணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கையெழுத்துப் போடுகிற அன்று மதிவாணனோடு அவன் மனைவி குந்தவையும் வந்தாள். செருப்பைக் கழற்றப் போனவள் அந்த வரிசையைப் பார்த்து நின்றாள்.

"எல்லாம் இடது காலா இருக்கே. உள்ள யாரு இருக்கா?"

எதிர் டீக்கடையிலிருந்து மருதையன் சொன்னான்: "என் காலுதாம்மா. உள்ள போனது இன்னும் வெளிய வரல."

குந்தவை புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க உள்ள போனா நான் இந்த வாசல்லயே உக்காந்துருவேன்" என்றாள். மதிவாணன் போகவில்லை. அதன் பிறகு அந்த ஆபீஸ் படியை மிதிக்க ஆளே இல்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் செந்தில்குமார் என் கடைக்கு வந்தார். லேசாக நொண்டினார்.

"எட்டாம் நம்பர் எம்.சி.ஆர். இருக்கா?"

"யாருக்குங்க?"

"தெரிஞ்சவர் ஒருத்தருக்கு."

அவருடைய இடது பாதத்தில் துணி சுற்றியிருந்தது. எனக்குள் என்னவோ குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷம்தான்.

"இடது எட்டு உங்க வாசல்லயே வரிசையா கெடக்கே. வலது மட்டும் வேணுமா? நாங்க ஒத்தையா விக்கிறதில்லீங்க."

ஸ்டூலில் இருந்த மருதையன், "காலக் காட்டுங்க" என்றான். அவர் ஏன் காட்டினார் என்று தெரியவில்லை. பயம்தான் போலிருக்கிறது. ஓரம் கறுத்த சர்க்கரைப் புண். மருதையன் நெடுநேரம் பார்த்தான்.

"சின்னப் புண்ணுதானே. மஞ்சளக் கொழச்சுப் போடுங்க, ஆறிடும்."

செந்தில்குமாரின் முகம் செத்துப்போனது. "என்ன மருதையா, வெளையாடுறியா? இதுக்குப் போயி மஞ்சளா?"

"நான் சொல்றது பொய்னு உங்களுக்குத் தெரியுதுல்ல? நீங்க சொன்னப்ப எனக்குத் தெரியலங்க."

அவர் வெளியே போய், ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். கால் பிழைத்துவிட்டதாம். கப்பலுக்குக் காத்திருக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.