அவளைத் திருப்பி அனுப்பிய அத்தியாயம்

நான் எழுதியதிலேயே அதிகமாகத் திட்டு வாங்கிய கதை ஒன்று உண்டு. அடி தாங்காமல் புருஷனை விட்டு ஓடும் ஒருத்தியின் கதை. காதலும் உண்டு, திகிலும் உண்டு. நாற்பது அத்தியாயம் அவளை ஓட விட்டு, கடைசி அத்தியாயத்தில் அதே புருஷன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். ‘நீயெல்லாம் ஒரு பொம்பளையா?’ என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ‘பேனாவைத் தூக்கிக் குப்பையில் போடு’ என்றார் இன்னொருவர். நான் பேனாவில் எழுதுவதில்லை அம்மா, போனில்தான் எழுதுகிறேன் என்று பதில் போட விரல் துடித்தது. போடவில்லை. அப்போது நான் யாருக்கும் எந்தப் பதிலும் போட முடியாத நிலை. இப்போது போடலாம் என்று அனுமதி கிடைத்திருக்கிறது.

சோளக்காடு என்கிற மலையூரில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. நான் அடிவாரத்துக்காரி. மலைக்கு வந்து பல வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் பழம் வாங்க வருகிற டூரிஸ்ட் கூட்டத்தில் ரோடே அடைத்துக்கொள்ளும். மற்ற நாட்களில் கடையில் ஈ ஓட்டாமல் கதை எழுதுவேன். கதை படிக்கிற ஆப் ஒன்றில் வாரத்துக்கு இரண்டு அத்தியாயம் போடுவேன். இந்தக் கதையில் மூன்றாம் அத்தியாயத்தில் தாடி வைத்த ஜீப் டிரைவர் ஒருவனை நாயகனாக இறக்கினேன். அவ்வளவுதான், கமெண்ட் பக்கம் முழுக்க இதயமாக வந்து விழுந்தது. ஒரு வாசகி தன் வீட்டுக்காரரைத் தாடி வளர்க்கச் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நாட்களில் என் கடைக்கு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். எடப்புளி நாட்டுப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஊரை மாற்றித்தான் சொல்கிறேன். முப்பது வயதுக்குள் இருக்கும். இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு மகள். புருஷன் பிக்கப் வண்டி வைத்து மிளகும் மரவள்ளியும் ஏற்றுகிறவர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வண்டியைக் கொண்டு வந்து நிறுத்துவார். அவரைப் பற்றி ஒருவர் கூடத் தப்பாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவள் என் கதையைப் படித்தாள். கடைக்கு வரும்போதெல்லாம் ஒரு குற்றம் சொல்லுவாள். நாயகி பெட்டியோடு முதல் பஸ்ஸில் ஏறுவதாக எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

“ஏனுங்கக்கா, பெட்டியோட பஸ் ஏறுனா உட்டுருவாங்களா? ஊருக்குங்களா, அவரு வரலீங்களான்னு கண்டக்டர்ல இருந்து கீரைக்காரம்மா வரைக்கும் கேப்பாங்க. எழுபது வளைவு எறங்கறதுக்குள்ள ஊட்டுக்குப் போன் போயிரும்.”

சரி என்று பெட்டியை எடுத்துவிட்டேன். குழந்தையைப் பள்ளிச் சீருடையிலேயே கூட்டிப்போவதாக மாற்றினேன். அடுத்த வாரம் வந்து, வெறுங்கையோடு போகிறவள் குழந்தையை வேறு பள்ளியில் எப்படிச் சேர்ப்பாள் என்று கேட்டாள். ஆதார், ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் நாயகி ஜெராக்ஸ் எடுத்து ராகி மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைப்பதாக எழுதினேன். அதற்கும் தலையை ஆட்டினாள்.

“மாவு டப்பாவுலயா? அத மொதல்ல தொறக்கறது மாமியாருதானுங்க.”

அந்த அத்தியாயம் அதற்குள் நன்றாக ஓடிவிட்டது. ‘மாவு டப்பா சூப்பர்’ என்று நூறு பேர் பாராட்டிய பிறகு அதை மாற்ற எனக்கு மனசு வரவில்லை. டப்பா அப்படியே இருந்தது.

ஜீப் டிரைவரைப் பற்றி மட்டும் ஒரு தடவை முகத்தைச் சுளித்தாள். “அவரு வேண்டாமுங்க்கா. இப்பத்தான ஒருத்தன உட்டுட்டு வாரா, மறுபடியும் ஒரு ஆளா?” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஆயிரம் பேருக்குப் பிடித்தவன் உனக்குப் பிடிக்காமல் போய்விட்டானா என்று நினைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு தடவையும் அவள் ஒரு தாளை ஜெராக்ஸ் எடுத்தாள். ஒரு வாரம் ஆதார், ஒரு வாரம் ரேஷன் கார்டு, பிறகு மகளின் பிறப்புச் சான்றிதழ். எடுத்ததை என்னிடமே கொடுத்து, “இங்கயே இருக்கட்டுமுங்க்கா, அப்பறமா வாங்கிக்கறேன்” என்பாள். நானும் ஒரு பழுப்புக் கவரில் போட்டு மேஜை டிராயரில் வைத்தேன். என் கண் முன்னால், என் மெஷினிலேயே, என் கதையை விடச் சரியாக ஒருத்தி கிளம்பிக்கொண்டிருந்தாள். எனக்கு உறைக்கவில்லை. நல்ல வாசகி கிடைத்தாள் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். எழுதுகிறவளுக்குத் தன் எழுத்தைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது போலிருக்கிறது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

கடைசி அத்தியாயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவள் புருஷன் கடைக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு மலை வாழைப்பழம். மேஜைமேல் வைத்துவிட்டு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“நானும் உங்க வாசகனுங்க்கா.”

சிரித்தேன். ஆண் வாசகர்கள் எனக்குக் குறைவு.

“எங்கூட்ல அவ படிக்கறா. அவ செல்போன தெனமும் நான் பாக்கறதுதானுங்க. அதுல இருந்துதான் புடிச்சுது. நல்லா எழுதறீங்க. அந்த மாவு டப்பா விஷயம் நல்லா இருந்துச்சு.” கொஞ்சம் நிறுத்தினார். குரலில் கோபமே இல்லை. “நானும் எங்கூட்டு டப்பா எல்லாத்தையும் கொட்டிப் பாத்துட்டனுங்க. ராகி, அரிசி, பருப்பு, ஒண்ணு உடல. ஒண்ணும் இல்லீங்க.”

அவருடைய முழங்காலுக்கும் அந்த டிராயருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி கூட இல்லை. அவள் வந்து நின்ற வாரங்கள், கேட்ட கேள்விகள், விட்டுப்போன தாள்கள் எல்லாம் அந்த நொடியில்தான் புரிந்தன. பாராட்டுக்கு ஆசைப்பட்டு நான் மாற்றாமல் விட்ட ஒரு டப்பா அவளைக் காப்பாற்றியிருக்கிறது. அதே டப்பாதான் இந்த ஆளுக்குத் தேடச் சொல்லிக் கொடுத்தும் இருக்கிறது. ஓடுகிறவளுக்கு வழி சொல்லுகிறோம் என்று நினைத்தேனே தவிர, துரத்துகிறவனும் படிப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“முடிவு எப்பங்க வரும்?”

“ஞாயித்துக்கிழமை.”

“போயிருவாளுங்களா?”

“இன்னும் எழுதலீங்க” என்றேன். பொய். எழுதி முடித்து வைத்திருந்தேன். அதில் அவள் போய்விடுகிறாள். நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் ஜீப் டிரைவர் காத்திருக்கிறான், மழை பெய்கிறது, எல்லாம் இருந்தது.

இரண்டு நாள் கழித்து மத்தியானம், ரேஷன் கடைக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு அவள் வந்தாள். இடது கை மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. அவள் வாய் திறக்கும் முன்பே நான் சொன்னேன்.

“கண்ணு, அவரு படிக்கறாரு.”

“தெரியுமுங்க்கா. டப்பாவ எல்லாம் கொட்டுன அன்னிக்குத் தெரிஞ்சுது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னித்துவிடு என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா, ஞாபகம் இல்லை. அவள் அழவில்லை. கேட்க வந்ததைக் கேட்டாள்.

“கதையில அவள ஊட்டுக்குத் திருப்பி அனுப்பிருங்க்கா.”

“எதுக்கு?”

“முடிவு வர வரைக்கும் அவரு வண்டி எடுக்க மாட்டாருங்க. ஊட்டுலயேதான் இருக்காரு. கதையில அவ போயிட்டா, நான் போக முடியாதுங்க.”

கடை போனிலிருந்து பெண்களுக்கான உதவி எண்ணுக்குப் பேசினாள். பக்கத்தில் நின்று கேட்டேன். அடிபட்டதைச் சொல்லும்போது கூட அவள் குரல் ஏறவில்லை. ரேஷன் கடையில் எப்போது அரிசி போடுவார்கள் என்று கேட்பதுபோல நிதானமாகக் கேட்டாள், நிதானமாகக் குறித்துக்கொண்டாள்.

அந்தக் கடைசி அத்தியாயத்தை நான் எழுதியது போல எதையும் எழுதியதில்லை. நாயகி பஸ்ஸை விட்டு இறங்குகிறாள். புருஷனின் கண்ணீரைப் பார்த்து மனம் இரங்குகிறாள். ‘என்ன இருந்தாலும் என் புருஷன்’ என்று ஒரு வரி. அதை மூன்று தடவை அழித்து மறுபடியும் டைப் செய்தேன். பாதி மனசாக எழுதினால் அவருக்குத் தெரிந்துவிடும் என்று, இருக்கிற திறமை அத்தனையையும் அந்தப் பொய்யில் கொட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டேன்.

மத்தியானத்துக்குள் வசவு வந்து குவிந்தது. ‘உங்களை நம்பி நாலு மாசம் படித்தேன்.’ ‘என் தங்கச்சிக்குத் தைரியம் வரட்டும் என்று அனுப்பினேனே, இப்போது அவளிடம் என்ன சொல்லுவேன்?’ இதைப் படித்துவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை. அந்தத் தங்கச்சி யார், எங்கே இருக்கிறாள், இந்த முடிவைப் படித்துவிட்டு என்ன செய்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருத்திக்காக எழுதியது இன்னொருத்தியின் காலை வாரியிருக்கலாம்.

அத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு பாராட்டு. ‘அருமையான முடிவு. குடும்பம்னா இப்படித்தான் இருக்கணும்.’ கும்பிடுகிற கை இரண்டு போட்டிருந்தது. பெயர் எதுவாக இருந்தால் என்ன, யார் என்று எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கீழே லோடு இறக்கப் போனார். அந்த வாரமே அவள் மகளோடு போய்விட்டாள். நடந்ததை எழுதலாம் என்று இப்போது அவளே சொல்லிவிட்டாள். ஆனாலும் கவரை எப்படிக் கொடுத்தேன், அவள் எந்த வழியாகப் போனாள் என்பதை இங்கே எழுதமாட்டேன். எழுதிப் பட்டது போதும்.

வெள்ளிக்கிழமை அவர் கடைக்கு வந்தார். கத்துவார், மெஷினை உடைப்பார் என்று கத்தரிக்கோலைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்திருந்தேன். அவர் கத்தவில்லை. ஸ்டூலில் உட்காரவும் இல்லை. கையில் போன் இருந்தது, அதில் என் கடைசி அத்தியாயம் திறந்திருந்தது. வாங்கிய பொருளில் பழுது என்று திருப்பிக் கொடுக்க வந்தவர் மாதிரி அதை என் முன்னால் நீட்டினார்.

“ஏனுங்கக்கா, கதையில அவ திரும்பி வந்துட்டாளேங்க?”

“ஆமாங்க.”

“அப்பறம் எப்படீங்க இவ போனா?”

உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். பத்து வருஷம் கூட இருந்தவளைப் பற்றி என்னிடம் வந்து கேட்கிறார்.

“அது கதைங்க” என்றேன்.