அம்புலன்ஸ் கிறகரி ஏற்றாத ஆட்கள்

பேசாலையில் ஒருவனுக்கு வேலை போனால் முதலில் நடப்பது அவனுக்கு வேலை கூடுவதுதான். கிறகரிக்கும் அப்படியே நடந்தது. கண்ணிவெடி அகற்றும் நிறுவனம் ஆட்களை நிற்பாட்டிய கிழமையே பக்கத்து வீட்டுக்காரி காஸ் சிலிண்டர் தூக்கிவரச் சொன்னாள். அடுத்த தெரு மச்சாள் தன் மாமியாரை மன்னார் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். கோயிலுக்கு ஒலிபெருக்கி கட்ட, கலியாண வீட்டில் கதிரை இறக்க, செத்த வீட்டில் பந்தல் போட, எல்லாவற்றுக்கும் கிறகரி. வந்து கேட்டவர்கள் எல்லோரிடமும் ஒரே வசனம்தான் இருந்தது. "நீங்கள் சும்மாதானே இருக்கிறியள்." சம்பளம் வந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமையாவது காலை நீட்டிப் படுத்த மனிதர், சம்பளம் நின்ற பிறகு அதற்கும் வழியில்லாமல் திரிந்தார்.

ஐம்பதைத் தொடப்போகிற வயது. மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் கடல் அவருக்கு ஒத்துவரவில்லை. வள்ளத்தில் கால் வைத்தால் வாந்தி. பேசாலையில் பிறந்து கடலைக் கண்டு வாந்தி எடுக்கிறவனுக்கு இரண்டு வழிதான் உண்டு. ஒன்று சுவாமியாராகப் போவது, மற்றது சாரதியாகப் போவது. கிறகரிக்கு மாக்கிறட்டைப் பிடித்துவிட்டபடியால் முதல் வழி அடைபட்டுப் போனது.

அவர் ஓட்டியது அம்புலன்ஸ். ஓட்டியது என்று சொல்வதிலும் ஒரு வழக்கு இருக்கிறது. மாந்தைக்கு அங்கால், காட்டோரத்தில், பெண்கள் முழங்காலில் இருந்து நிலத்தைச் சுரண்டிச் சுரண்டிக் கண்ணிவெடி எடுத்தார்கள். அவர்கள் உள்ளே இறங்குவதென்றால் அந்தக் கண்ணிவெடி வெளிக்குப் பக்கத்தில் ஒரு அம்புலன்ஸ் நிற்க வேண்டும். வண்டியின் முகம் றோட்டைப் பார்த்திருக்க வேண்டும், டாங்கி நிறைய டீசல் இருக்க வேண்டும், சாரதி வண்டியை விட்டு விலகக்கூடாது. ஒதுங்கப் போவதென்றாலும் வோக்கிடோக்கியில் அறிவித்துவிட்டுத்தான் போகலாம். மேற்பார்வையாளர்கள் எல்லோருடைய இடுப்பிலும் வோக்கி இருந்தது. ஆகவே கிறகரியின் வயிற்று நிலவரம் வெளி முழுவதற்கும் தெரியும்.

பன்னிரண்டு வருடம். காலையில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவார், பின்னேரம் திருப்பிக் கொண்டுவருவார். ஒரு நாளும் ஒருத்தருக்கும் வெடிக்கவில்லை. ஒரு காயக்காரரைக்கூட அவர் ஏற்றவில்லை.

ஒத்திகை மட்டும் இருந்தது. ஒருத்தி காயப்பட்டவள்போலக் கிடப்பாள், மற்றவர்கள் ஸ்ரெச்சரில் தூக்கிவந்து ஏற்றுவார்கள், கிறகரி சைரன் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல் மட்டும் போய்த் திரும்புவார். முஸ்பிரா கிடக்கிற நாளில் ஒத்திகை உருப்படாது; கிடந்தபடியே சிரிப்பாள். அணித் தலைவி ஜெயகௌரி ஏறினால் கண்ணை இறுக்கிப் பொத்திக்கொள்வாள், வண்டி திரும்பி வரும்வரை திறக்க மாட்டாள். மற்ற நாட்களில் ஒருத்தியும் அந்த வண்டியில் கால் வைக்க மாட்டாள். மாரிமழையில் பாதை சேறாகக் கிடக்கும்போது கிறகரி வண்டியை மெதுவாக்கிக் கதவைத் திறப்பார். "ஏறுங்கோ பிள்ளையள், பஸ் றோட்டில இறக்கிவிடுறன்." "வேண்டாம் அண்ணன், நாங்கள் நடந்து போறம்" என்று நனைந்துகொண்டே போவார்கள்.

இரண்டு மூன்று மாரி பார்த்துவிட்டு அவர் கேட்பதை நிறுத்திக்கொண்டார். முழங்கால் தேய வேலை செய்கிறவளுக்கு, குந்தியிருந்து சம்பளம் எடுக்கிறவனோடு வர என்ன விருப்பம் இருக்கப்போகிறது என்று தானாகவே ஒரு முடிவு கட்டினார். அது மனதுக்குள் மீன்முள்ளாகக் கிடந்தது. மாக்கிறட்டுக்கும் சொல்லவில்லை.

பிறகு வெளிநாட்டுக் காசு நின்றது. கந்தோர் முற்றத்தில் கூட்டம் வைத்தார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் நல்ல மனதோடு நெடுநேரம் பேசினார், கந்தோர் மொழிபெயர்ப்பாளர் சிவராசா தமிழில் சொன்னார். சிவராசாவுக்கும் அதே கூட்டத்தில்தான் வேலை போனது. அதையும் ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்து முடித்துவிட்டு, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். எல்லோருக்கும் றோல்ஸும் சோடாவும் கொடுத்தார்கள். கிறகரி அம்புலன்ஸ் திறப்பை மேசையில் வைத்துவிட்டு பஸ் ஏறினார்.

வீட்டில் மாக்கிறட் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள்.

"வேலை முடிஞ்சுது."

"இண்டைக்கு வெள்ளனவே விட்டிட்டினமோ?"

"இல்லை. முழுசா."

மாக்கிறட் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தாள். அவரைச் சிரிக்கவைத்தால் இரண்டு பேருக்கும் நல்லது என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். கிறகரி காலையில் வண்டியை நிறுத்தியதும் செபிக்கிற செபம் அவளுக்குத் தெரியும். 'மாதாவே, இண்டைக்கு எனக்கு ஒரு வேலையும் வரக்கூடாது.' அம்புலன்ஸ்காரன் வேறு எதைக் கேட்பான்?

"பன்னிரண்டு வருசமா வேலை வேண்டாம், வேலை வேண்டாம் எண்டு அவவைப் பிடிச்சு ஆக்கினைப்படுத்தினால்," என்றாள் மாக்கிறட், "மாதாவும் பாவம், எத்தினை நாளைக்குப் பொறுப்பா? இந்தா, ஒரேயடியாத் தந்திட்டா."

நல்ல பகிடிதான். ஆனால் கிறகரி சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு பூசைக்கும் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. எங்கள் ஊரில் பூசைக்குப் போகாமல் விடுவது ஒருவனுடைய சொந்த விசயம் இல்லை. சுகமில்லையோ என்று கேட்டு ஏழெட்டுப் பேர் வந்து, தேத்தண்ணி குடித்து, சுகமாக இருக்கிறார் என்று கண்டு மனவருத்தத்தோடு திரும்பிப் போனார்கள்.

வீட்டுப்பாடு பார்க்க வேண்டுமே. மகள் டினோஜா உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். கிறகரி சேட்டை மடிப்பழுத்திப் போட்டுக்கொண்டு மில்ரனிடம் போனார். மில்ரன் மீன் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவர், இரண்டு லொறி வைத்திருந்தார்.

"எத்தினை வருசம் வாகனம் ஓட்டினனீர்?"

"பன்னிரண்டு வருசம் அம்புலன்ஸ்."

"ஓ, அப்ப பறக்கப் பறக்க ஓட்டுவீர். கனபேரை ஏத்தியிருப்பீர் என்ன?"

"ஒருத்தரையும் ஏத்தேல்லை."

"ஒருத்தரையும் ஏத்தாமல் பன்னிரண்டு வருசம் என்ன செய்தனீர்?"

கிறகரிக்குப் பொய் வராது. ஒரு நிமிசம் யோசித்தார்.

"நிண்டனான்."

மில்ரன் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாதவர். ஐஸ் பெட்டியில் கையை ஊன்றிக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். "ஐயோ அண்ணே, என்ர லொறி நிண்டா மீன் நாறிப்போம்" என்றார். லொறியில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். பின்னேரம் தேத்தண்ணிக்கடையில் 'நிண்ட கிறகரி' என்ற பெயர் வந்துவிட்டது. எங்கட சனத்துக்குப் பட்டம் வைக்கச் சொல்லியா கொடுக்க வேண்டும்! அதுவரை அவரைக்கொண்டு ஓசியில் சிலிண்டர் தூக்குவித்தவர்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். வெட்கம் கெட்டதுகள்.

அன்றோடு கிறகரி வெளியே போவதை விட்டார். முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, வேலியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். மாக்கிறட் சோற்றைக் கொண்டுவந்து வைத்தால் ஈ மொய்க்கும்வரை அப்படியே கிடக்கும். அவருக்கு வெட்கமாக இருந்தது. வேலை போனதற்கு வெட்கமில்லை, அது எல்லோருக்கும் சேர்த்துத்தான் போனது. இத்தனை வருடமும் தான் வேலை என்று ஒன்றைச் செய்தோமா என்பதுதான் கேள்வி. கொத்தனுக்கு அவன் கட்டிய சுவர் நிற்கிறது, கடலுக்குப் போனவனுக்கு அவன் பிடித்த மீனை ஊர் தின்றது. தனக்கு என்ன இருக்கிறது என்று தேடித்தேடிப் பார்த்தார், கையில் ஒன்றும் அகப்படவில்லை.

"மாக்கிறட், நான் ஒரு நாளெண்டாலும் வேலை செய்தனானோ?"

"சம்பளம் தந்தவங்கள்தானே."

"அது தந்தவங்கள். நான் கேக்கிறது வேற."

மாக்கிறட் குசினிக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகம் கழுவிவிட்டு வந்து, சாப்பிடாத சோற்றுக்காக அவரை நன்றாக ஏசினாள்.

ஒரு சனிக்கிழமை ஜெயகௌரியும் முஸ்பிராவும் படலையடியில் வந்து நின்றார்கள். வீடு விசாரித்து வந்திருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை. மடு மாதா கோயிலுக்குப் போகப் போகிறோம் என்றாள் ஜெயகௌரி. கண்ணிவெடி வெளியில் வேலை செய்த பிள்ளைகள் எல்லாம் வருகிறார்கள், வாடகைக்கு வாகனம் விடுகிற இன்சாப்பின் பெரிய வான் பேசியாயிற்று.

"நீங்கள்தான் அண்ணன் ஓட்ட வேணும்."

கிறகரிக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. கதிரை பின்னால் விழ எழும்பினார்.

"ஓம், சும்மா இருக்கிறவன்தானே! வேற ஆர் ஓட்டுறது? பன்னிரண்டு வருசம் என்ர வண்டியில காலை வச்சனீங்களோ? மழையில கதவைத் திறந்துகொண்டு கெஞ்சினன். சேத்துக்குள்ளால நடந்து போனீங்களே ஒழிய ஏறினீங்களோ? இப்ப மட்டும் கிறகரி வேணுமோ?"

மாக்கிறட் குசினி வாசலில் உறைந்து நின்றாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து இந்தச் சத்தத்தை அவள் கேட்டதில்லை. முஸ்பிரா ஜெயகௌரியைப் பார்த்தாள்.

"சொல்லு அக்கா," என்றாள். "அண்ணனுக்கு விசயம் தெரியாது போல."

"அண்ணன்," என்றாள் ஜெயகௌரி, "புதுசா ஒரு பிள்ளை வேலைக்கு வந்தா முதல் நாளே நாங்கள் சொல்லிக் குடுக்கிறது இதைத்தான். கிறகரி அண்ணன்ர வண்டியில ஒத்திகைக்கு மட்டும் ஏறு. மற்றும்படி செத்தாலும் ஏறாதை. சும்மா நாளில ஏறிப் பழகினால், பிறகு ஒரு நாள் தூக்கித்தான் ஏத்துவினம்."

"ஆர் சொன்னது அப்பிடி?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நாங்களாப் பிடிச்ச பயம்."

"மழையில நனைஞ்சு காய்ச்சல் வந்ததே உங்களுக்கு!"

"காய்ச்சல் வந்தா மாறும்தானே அண்ணன்."

கிறகரி விழுந்த கதிரையைத் தூக்கி நிறுத்தினார். இருக்கவில்லை. ஜெயகௌரியின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"உங்களோட கோவத்தில இல்லை. காலமை வந்தவுடன நான் முதல் பாக்கிறது நீங்கள் நிக்கிறியளோ எண்டுதான். நீங்கள் லீவு எடுத்தா வேற ஒருத்தர் வந்து நிப்பார். நல்ல மனுசன்தான். ஆனா அண்டைக்கு முழுக்க நான் சுரண்டின இடத்தையே திரும்பத் திரும்பச் சுரண்டுவன். ரெண்டு பிள்ளையளை வீட்டில விட்டிட்டு வந்தனான் அண்ணன். என்னெண்டாலும் நடந்தா கிறகரி அண்ணன் நிக்கிறார் எண்ட ஒரு தைரியத்திலதான் நான் உள்ளுக்கு இறங்கினது."

கிறகரி கதிரையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். ஜெயகௌரி தொடர்ந்தாள்.

"எல்லாரும் முழுசா வேலை முடிச்சு வந்தா மடுவுக்கு வாறம் எண்டு நேர்த்தி வச்சனாங்கள். இன்சாப் தானே ஓட்டுறன் எண்டவர். நாங்கள்தான் வேண்டாம் எண்டனாங்கள். இனிப் பயமில்லைத்தானே, நீங்கள் ஓட்டுற வண்டியில ஒருக்கா ஏற வேணும்."

"நான் நேர்த்தி ஒண்டும் வைக்கேல்லை," என்றாள் முஸ்பிரா. "நான் சும்மா சோத்துப் பார்சலுக்கு வாறன்."

மாக்கிறட்டுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தேத்தண்ணி போட உள்ளே ஓடினாள்.

"எத்தினை மணிக்கு வெளிக்கிடுறது?" என்று கேட்டார் கிறகரி.

இன்சாப் பிறகு அந்த வானையே பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றியிறக்கச் சொல்லி அவரிடம் விட்டார். இன்றைக்கும் அவர்தான் ஓட்டுகிறார். மில்ரனுடைய மகளும் அதில்தான் போகிறாள். ஊர் இன்னும் 'நிண்ட கிறகரி' என்றுதான் சொல்கிறது, அவரும் திரும்பிப் பார்க்கிறார். ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது மடுவுக்குப் போன அன்றைக்கு உயிலங்குளம் சந்தியில் நடந்ததைத்தான்.

பெண்கள் வேளைக்கே சந்திக்கு வந்து நின்றார்கள். சீருடையும் முகமூடியும் கனத்த சப்பாத்தும் இல்லாமல் அவர்களைக் கண்டபோது கிறகரிக்கு முதலில் ஆள் பிடிபடவில்லை. சேலை கட்டியிருந்தார்கள், தலைக்குப் பூ வைத்திருந்தார்கள். நேர்த்திக்குப் போகிறபடியால் ஒருத்தியும் செருப்புப் போடவில்லை. கிறகரி இறங்கிப் போய்ப் பக்கத்துக் கதவை இழுத்துத் திறந்துவிட்டு, படியடியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர்களுடைய முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

அதனால் அவர் கண்டது கால்களை. குதி வெடித்த கால் ஒன்று ஏறியது, அதன் சோடியும் ஏறியது. மெட்டி போட்ட கால்கள் ஏறின. சிவப்புச் சாயம் பூசிய நகங்கள் பத்தும் ஏறின. சேலைக்கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜெயகௌரியின் கறுத்த பாதங்கள், இடது படியில், வலது உள்ளே. ஒருத்தி தடுமாறிவிட்டு, ஒற்றைக்காலில் கெந்தி, தன் பாட்டில் சிரித்துக்கொண்டு ஏறினாள். கடைசியாக ஏறிய முஸ்பிரா மட்டும் செருப்போடு ஏறினாள். அதற்குள்ளும் இரண்டு கால் இருந்தது.

கிறகரி கதவைச் சாத்தினார். சாத்திய கையை எடுக்கவில்லை. வான் தகரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு, சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற சனம் எல்லாம் பார்த்திருக்க, விக்கி விக்கி அழுதார். கொஞ்ச நேரத்தால் முஸ்பிரா உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"அண்ணன், வாங்கோ. வெயில் ஏறுது."