தலைக்கு அடியில் ஒரு கை

அழுகின முட்டையும் உப்பும் கலந்த மாதிரி ஒரு வாடை...

இன்னைக்கும் தெருவுல சாக்கடை தூர் வாரும்போது அந்த வாடை வந்தா, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். வீட்டுல கேட்டா ஜன்னலைச் சாத்திடுவேன். இங்கே எழுதுறேன்.

அப்போ நான் அருப்புக்கோட்டையில ஒரு மொபைல் கடையில வேலை பார்த்தேன். ரபீக் பக்கத்து ஜவுளிக்கடை. கருப்பசாமிக்கு ஊர் பரளச்சி, டிராக்டர் ஓட்டுறவன். மூணு பேரும் பள்ளிக்கூடத்துல இருந்து ஒட்டிக்கிட்டவங்க. ரபீக்குக்கு துபாய் விசா வந்துருச்சு. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரே ஆசை... ஊரெல்லாம் டிரெக்கிங்னு போட்டோ போடுதே, நாமளும் எங்கேயாவது நடக்கணும்.

எங்க பக்கம் மலையும் கிடையாது, காடுன்னா சீமைக்கருவேலம்தான். அதனால சாயல்குடியைத் தாண்டி, கடலோரமா வனத்துறை பாதுகாக்கிற அலையாத்திக் காட்டுக்குப் பஸ் ஏறினோம். பரளச்சியில கருப்பு அவிச்ச கடலையோட ஏறினான். கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி புது ஷூ வேற.

வாசல்ல காவலுக்கு இருந்த வாச்சர் அண்ணன் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். கம்பு நட்டு சிவப்புத் துணி கட்டியிருக்கு, அதை விட்டு விலகாதீங்க, சாயங்காலம் தண்ணி ஏறும். நாங்களும் நல்ல பிள்ளைகளாத் தலையாட்டினோம்.

அழகுன்னா அழகு... செடிக்கு நடுவுல நண்டு ஓடுது, வெள்ளைக் கொக்கு நிக்குது, தூரத்துல கடல் சத்தம். ரபீக் பார்த்துக்கிட்டே வந்தான்.

சாயங்காலம் திரும்பும்போதுதான் வினை. கம்பு நட்ட பாதை பெரிய வளைவாச் சுத்திப் போச்சு. நேர் எதிர்ல, வாசல் பக்கத்துல, வாச்சரோட காவல் கோபுரம் தெரியுது. நடுவுல ஒரு பொட்டல், பாளம் பாளமா வெடிச்சு, அசல் கோடைக்காலத்துக் கண்மாய். எங்க ஊர்ல வத்தின கண்மாயைச் சுத்திப் போறவனை யாரும் பார்த்ததில்லை. ஆடு, பைக்கு, கல்யாண வேன் எல்லாம் குறுக்கேதான் போகும்.

"வெடிச்ச மண்ணு ஆளைத் தாங்கும்லே, வாங்க"ன்னு கருப்பு இறங்கிட்டான்.

முதல்ல தாங்கத்தான் செஞ்சது. கொஞ்ச தூரம் போனதும் அவன் கால் முழங்கால் வரைக்கும் பொதக்குன்னு உள்ளே போச்சு. நானும் ரபீக்கும் சிரிச்சோம், நான் வீடியோகூட எடுத்தேன். அடுத்த காலை ஊனினான், தொடை வரைக்கும் போச்சு. உள்ளே இருந்து குப்புன்னு அழுகின முட்டை வாடை. அப்புறம் யாரும் சிரிக்கலை.

ஓடிப் போய் ஆளுக்கொரு கையைப் பிடிச்சு இழுத்தோம். வண்டி சேத்துல மாட்டினா இழுக்கத்தானே நமக்குத் தெரியும். இழுக்க இழுக்க அவன் இடுப்பு வரைக்கும் போயிட்டான். எங்க காலும் இறங்குது. போன்ல சிக்னல் இல்லை. கத்தின கத்துல கோபுரத்துல இருந்து விசில் சத்தம் கேட்டது. வாச்சர் அண்ணன் கயித்தோட சுத்துப் பாதையில ஓடி வர்றார், ஆனா ரொம்பத் தூரம்...

அப்போதான் பார்த்தேன். வெடிப்புக்குள்ள கடல் தண்ணி வந்துக்கிட்டிருந்தது.

சத்தமே இல்லை. எங்க ஊர்ல கண்மாய் வெடிப்புல தண்ணி ஏறினா கும்பிடத் தோணும். அன்னைக்குக் கருப்போட கையை இன்னும் இறுக்கிப் பிடிச்சேன். கொஞ்ச நேரத்துல கருப்போட நெஞ்சுக்கிட்ட வந்துடுச்சு.

இழுக்கிற வேகத்துல ரபீக் வழுக்கிக் குப்புற விழுந்தான். விழுந்தவன் எந்திரிக்கலை. படுத்தா முங்கலைங்கிறது அவனுக்குப் புரிஞ்சுபோச்சு. என்னையும் படுக்கச் சொன்னான், கருப்பை மல்லாக்கச் சாயச் சொன்னான்.

கருப்பு மாட்டேன்னுட்டான். அவனுக்கு நீச்சல் தெரியாது. அவன் வளர்ந்த காலத்துல கிணத்துல தண்ணி இருந்தாத்தானே. ஆத்திரத்துல நான் கெட்ட வார்த்தையில திட்டினேன், அப்புறம் அழுதேன். அவன் எங்களைப் பார்க்காம வானத்தையே பார்த்துக்கிட்டு, "அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க"ன்னான்.

ரபீக் வயித்தாலேயே ஊர்ந்து அவன் பின்னாடி போனான். சேத்துத் தண்ணிக்குள்ள கையை விட்டு, அவன் பிடரியை ஏந்தினான்.

"நான் பிடிச்சிருக்கேன் மாப்ள... படு."

கருப்பு கண்ணை மூடிக்கிட்டுச் சாய்ஞ்சான். காது ரெண்டும் தண்ணிக்குள்ள. ஆனா தலை அந்தக் கையிலதான் இருந்தது. மெல்ல மெல்ல ஒரு கால் மேலே வந்தது... அப்புறம் இன்னொண்ணு. புது ஷூ ரெண்டும் உள்ளேயே போச்சு. படுத்தபடியே அவன் பெல்ட்டைப் பிடிச்சுக் கரைக்கு இழுத்தோம். வாச்சர் அண்ணன் வந்து வாயில வந்தபடி ஏசிட்டு, டீ வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் ரபீக் பிளைட் ஏறிட்டான்.

இப்போ நாங்க ஒரு வாட்ஸ்அப் குரூப். காலையில பூப் படம், பொறந்தநாளுக்கு கேக் படம். ரபீக் ஊருக்கு வந்தாலும் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போகவே லீவு பத்தாது.

போன மாசம் கருப்புக்கு முதுகுவலி. டிராக்டர் குலுக்கின குலுக்கு. மதுரைக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டுப் போனேன். குழாய் மாதிரி மெஷின், உள்ளே மல்லாக்கப் படுக்கணும். பார்த்ததும் வெளியே வந்து உட்கார்ந்துட்டான். வேர்த்துக் கொட்டுது. நர்ஸ் கெஞ்சிப் பார்த்தது, நான் திட்டிப் பார்த்தேன். அசையலை.

வேற வழி தெரியாம ரபீக்குக்கு வீடியோ கால் போட்டேன். டூட்டியில இருந்தான் போல, பின்னாடி ஒரே இரைச்சல். விஷயத்தைச் சொல்லிட்டு, போனைக் கருப்பு கையில கொடுத்தேன். ரபீக் இரைச்சல் இல்லாத பக்கமா நகர்ந்தான். அப்புறம் ஸ்க்ரீன்ல முகத்தைக் காட்டாம, உள்ளங்கையைக் காட்டினான்.

"பிடிச்சிருக்கேன் மாப்ள. படு."

கருப்பு போனை என்கிட்ட நீட்டிட்டு எந்திரிச்சு உள்ளே போனான். முடியிற வரைக்கும் அசையாமப் படுத்திருந்தானாம், நர்ஸ் சொன்னது.

வெளியே வந்தவன் ரிப்போர்ட்டைக் கேட்கலை. சட்டையை மாட்டிக்கிட்டே கேட்டான்...

"அவன் எப்பலே ஊருக்கு வாரான்?"