கால் எட்டுதா?

அவளுக்கு மூக்கு நுனியில் கோபம் என்று எல்லோரும் சொல்வார்கள். அவள் படுகிற பாட்டுக்கு அந்தச் சின்ன மூக்கு போதாது. பெட்ரோல் போட நிறுத்தினாலும் சரி, சிக்னலில் நின்றாலும் சரி, யாராவது ஒருவர் அந்தப் பெரிய வண்டியை ஒரு தடவையும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் அவளை ஒரு தடவையும் பார்த்துவிட்டுக் கேட்பார்: "கால் எட்டுதா?" முன்பின் தெரியாத மனிதர்கள். பேர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, நேராகக் காலுக்கு வந்துவிடுவார்கள். உயரமான ஒருத்தனை நிறுத்தி, "தலை இடிக்குதா?" என்று இதுவரை யாராவது விசாரித்ததுண்டா?

அவள் வேலை பார்த்தது மலைப் பயணங்களுக்கு ஆள் கூட்டிப் போகும் ஒரு கம்பெனியில். பணம் கட்டி வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு பெரிய மோட்டார் சைக்கிள். முன்னால் காற்றுத் தடுப்புக் கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் இன்னொரு பெட்டி என்று சினை மாடு மாதிரி நிற்கும் கனமான வண்டிகள். கூட்டத்துக்கு முன்னால் வழிகாட்டிக்கொண்டு கம்பெனி ஆள் ஒருவர் போவார். அது முன்வண்டி. எல்லோருக்கும் பின்னால் இன்னொருவர் வருவார். அது கடைசிவண்டி. அவள் கடைசிவண்டி.

கடைசிவண்டி என்றால் முன்னால் போன அத்தனை பேர் கிளப்பிய புழுதியும் அவளுக்குத்தான். வழியில் எவன் விழுந்தாலும் அவனைத் தேற்றி, அவன் வண்டியைத் தூக்கி நிறுத்தி, "பரவாயில்ல சார், எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்று சொல்லி அனுப்புவதும் அவள்தான். விழுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நெடுநெடுவென்று வளர்ந்தவர்கள். இரண்டு காலும் தரையில் பதிகிறதே என்கிற தைரியத்தில் பள்ளமா மேடா என்று பார்க்காமல் கண்ட இடத்தில் நிறுத்துவார்கள்.

அவளுக்கு அந்தச் சொகுசு கிடையாது. நிறுத்துவதற்கு வெகு முன்பே தரையைப் படித்துவிடுவாள். எந்தப் பக்கம் சரிவு, எங்கே சரளைக்கல், எங்கே காலை ஊன்றினால் பிடிக்கும் என்று பார்த்துவைத்துக்கொண்டு, வண்டி நிற்கும் அந்தக் கணத்தில் இடுப்பை இடப்பக்கம் நகர்த்தி, இடது காலை மட்டும் முழுப் பாதமாக ஊன்றுவாள். வலது கால் பிரேக்கில் இருக்கும். ஒரு கால் போதும். இரண்டு காலையும் நுனிவிரலில் ஊன்றித் தத்தளிப்பதைவிட ஒரு கால் உறுதியாக நிற்பது மேல் என்பது அவள் விழுந்து விழுந்து கண்டுபிடித்த விஷயம். ஆரம்பத்தில் நிறைய விழுந்திருக்கிறாள். அதை மறைத்ததும் இல்லை.

கம்பெனிக்கு அவள் வந்தது போன் எடுக்கத்தான், வண்டியில் ஏறியதெல்லாம் அப்புறம். உள்ளே நுழைத்துவிட்டது அண்ணன். அவன் அங்கே மெக்கானிக். அப்பாவின் உயரத்தை மொத்தமாக வாரிக்கொண்டு பிறந்தவன். பின்னால் வந்த தங்கைக்கு ஒரு விரற்கடைகூட மிச்சம் வைக்கவில்லை. வீட்டில் மேல் அலமாரியில் இருப்பதெல்லாம் அவன் பொறுப்பு, கட்டிலுக்கு அடியில் உருண்டு போவதெல்லாம் அவள் பொறுப்பு. ஷெட்டில் எல்லோரும் அவளை அரைப்படி என்று கூப்பிட ஆரம்பித்ததும் அவன் வாயிலிருந்துதான். அதில் அவளுக்குக் கோபமில்லை. வீட்டு ஆள் கேலி செய்வது வேறு, ரோட்டில் போகிறவன் காலை அளப்பது வேறு.

அந்த வருஷம் முன்வண்டி ஓட்டுகிறவர், மலையில் ஒரு நாளும் சறுக்காத மனுஷன், தன் வீட்டுக் குளியலறையில் சோப்பில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டார். முதலாளி ரொம்ப யோசித்தார். யோசிக்க என்ன இருந்தது? அந்த மலைப்பாதையில் எந்த வளைவுக்கு அப்புறம் மண் சரிந்து கிடக்கும் என்பதுவரை அவளுக்குத் தெரியும். கடைசியில் வேறு வழியில்லாமல் அவளைக் கூப்பிட்டார்.

"இந்த ட்ரிப்பை நீ முன்னாடி கூட்டிட்டுப் போ. ஒழுங்கா போயிட்டு வந்தா இனிமே முன்வண்டி உனக்குத்தான். ஏதாவது சொதப்பினா, அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காத."

அவள் சரி என்றாள். அன்று இரவு அம்மாவிடம் அதை இரண்டு தடவை சொன்னாள். இத்தனை வருஷம் புழுதி தின்றவளுக்கு முன்னால் வெறும் சாலை கிடைக்கப் போகிறது. வாழ்க்கையில் அவள் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

கிளம்பும் நாள் காலை. கம்பெனி முற்றத்தில் வாடிக்கையாளர்கள் கனத்த கோட்டும் பூட்ஸுமாக நின்றுகொண்டிருந்தார்கள். அவளுடைய வண்டியை அண்ணன் முன்பே வெளியே கொண்டுவந்து, இடப்பக்கம் சரிந்த தரையில் சாய்த்து நிறுத்தியிருந்தான். "ஒரு ரவுண்டு அடிச்சுக் காட்டும்மா, எல்லாரும் பாக்கட்டும்" என்றார் முதலாளி. அவள் கால்மிதியில் ஏறிக் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தாள்.

இரண்டு காலும் தரையில் பதிந்தன.

முழுதாக இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் விரல்கள் நன்றாக ஊன்றி, குதிகால் லேசாகத்தான் தூக்கியிருந்தது. இந்த வண்டியில் அவளுக்கு இப்படி நடந்ததே கிடையாது. முதலில் தோன்றியது சந்தோஷம். அதை நினைத்துத்தான் பிற்பாடு தன் மேலேயே அவளுக்கு அத்தனை எரிச்சல் வந்தது. ஒரு நிமிஷம் குழந்தை மாதிரி குஷியாக இருந்தது. வண்டியைத் தாழ்த்தியிருக்கிறார்கள் என்று புரிந்தது. தாழ்த்தினால் கூடவே என்னென்ன மாறும் என்று யோசிக்க வேண்டிய நேரத்தில் அவள் முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி, எல்லோருக்கும் முன்னால் சமமான சிமெண்டுத் தரையில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

சைடு ஸ்டாண்டைத் தள்ளிவிட்டு இறங்கினாள். எப்போதும் ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுப்பாள். அன்றைக்கு முதலாளி, "வா வா, இவங்களுக்கு வழியைப் பத்திச் சொல்லு" என்று அவசரப்படுத்தினார். திரும்பினாள். வாடிக்கையாளர்களில் ஒருவர், ஆறடிக்குக் குறையாத ஆசாமி, "சூப்பர் வண்டி" என்று சொல்லிக்கொண்டே சீட்டில் ஒரு தட்டுத் தட்டினார். வண்டி வலப்பக்கமாகச் சாய்ந்து படாரென்று விழுந்தது. பக்கப் பெட்டி விரிசல் விட்டது. கண்ணாடி ஒன்று உடைந்து சிதறியது.

அவள் குனிந்து பார்த்தாள். ஒரு பார்வை போதும். வண்டியைத் தாழ்த்தினால் ஸ்டாண்டையும் அதே அளவு குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டாண்டு நீளமாகி, சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி நட்டுக்குத்தலாக நிற்கும். ஒரு தட்டுக்குத் தாங்காது.

"ஸ்டாண்டு நீளம். வண்டியத் தாழ்த்திட்டு ஸ்டாண்டை அப்படியே விட்டிருக்காங்க" என்றாள்.

முதலாளி சிரித்தார். "தாழ்த்தினா உனக்கு நல்லதுதானேம்மா? விழுந்ததுக்கு ஸ்டாண்டு என்ன பண்ணும்?"

"ஸ்டாண்டு நீளமாம்" என்று தட்டிய ஆசாமி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவரும் சிரித்தார். இன்னொருவர் ரொம்பக் கரிசனமாக, "உங்களுக்குக் கால் எட்டுதாங்க?" என்று கேட்டார்.

அவள் ஷெட் வாசலைப் பார்த்தாள். அண்ணன் கையில் எண்ணெய்த் துணியோடு நின்றிருந்தான். அவன் கண்ணைத் தரைக்கு இறக்கினான். அப்போது அவளுக்கு உச்சந்தலைக்கு ஏறியது கோபம்.

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, ரிஸ்க் எடுக்க வேணாம். புதுசா வந்திருக்கற தம்பி முன்னாடி போகட்டும். நீ வழக்கம்போல பின்னாடி வா." புதுத் தம்பி அந்த மலைக்கு ஒரே ஒரு தடவைதான் போயிருந்தான். ஆனால் நல்ல உயரம்.

வண்டியைத் தூக்க மூன்று பேர் ஓடி வந்தார்கள். "யாரும் தொடாதீங்க" என்றாள். விழுந்த வண்டியின் சீட்டுக்கு முதுகைக் கொடுத்துக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின்கம்பியையும் பிடித்து, முழங்காலால் நெம்பி, பொடிநடையாகப் பின்பக்கம் நகர்ந்து அதை நிமிர்த்தினாள். கை கொடுக்க வந்தவர்கள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். அப்படியே இடுப்பில் தாங்கி ஷெட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

அண்ணன் பின்னாலேயே வந்தான்.

"எப்ப தாழ்த்தின?"

"நேத்து நீ போனப்புறம்."

"யாரைக் கேட்டு?"

"முதலாளிதான் சொன்னாரு. கஸ்டமருங்க முன்னாடி உன் காலு தொங்கினா நல்லா இருக்காதுன்னு. ஸ்டாண்டைக் காலையில வெட்டி வெல்டு வெச்சுரலாம்னு இருந்தேன். மறந்துட்டேன்."

செய்யச் சொன்னவரும் அவர்தான், சிரித்தவரும் அவர்தான். செய்தவன் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தான்.

"உனக்காகத்தான் பண்ணேன், அரைப்படி."

"எனக்காகன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருப்ப. இத்தனை வருஷமா எத்தனை பேரு வண்டிய நான் தூக்கியிருக்கேன்னு உனக்குத் தெரியும். நீ பண்ணது பாக்கறவங்க கண்ணுக்காக." "அங்க எல்லாரும் சிரிச்சாங்க. நீ தரையப் பாத்துட்டு நின்ன. அதுக்கு நீயும் சிரிச்சிருக்கலாம்."

அண்ணன் முகம் சுண்டிப்போனது. கையிலிருந்த துணியை வேலைமேசை மேல் வைத்தான். வெளியே போனான். முற்றத்தில் நின்றே சொன்னான்: "வண்டி அவளால விழல. நான்தான் தாழ்த்தினேன். ஸ்டாண்டைக் குறைக்க மறந்துட்டேன். தப்பு என்னுது."

அவ்வளவுதான். முற்றத்தின் முகமே மாறிவிட்டது. "அட, அப்படியா" என்றார் முதலாளி. "அதானே பாத்தேன்" என்றார் தட்டிய ஆசாமி. கரிசனக்காரர் தலையை ஆட்டி ஆட்டி, "மெக்கானிக்கே சொல்லிட்டாரே" என்றார். முதலாளி அவளைக் கூப்பிட்டு, "சரிம்மா, சரிம்மா, நீயே முன்னாடி போ" என்று தாராளமாகக் கையை விரித்தார்.

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் அவளுக்கு ஆறவில்லை. அண்ணன் சொன்னதில் ஒரு சொல்கூடப் புதிது இல்லை. அவள் சொன்னபோது சாக்காக இருந்தது, அவன் வாயிலிருந்து வந்ததும் விளக்கமாகிவிட்டது.

"முதல்ல வண்டிய பழையபடி உயர்த்தணும். அப்புறம்தான் கிளம்புவேன்" என்றாள்.

"இப்பதான் காலு நல்லா எட்டுதே? ஸ்டாண்டை மட்டும் வெட்டிட்டு அப்படியே போயேன். எல்லாரும் ரெடியா நிக்கறாங்க பாரு."

"மலை முழுக்க வளைவு. இந்த உயரத்துல சாய்ச்சா கால்மிதி தரையில உரசும். உரசினா வண்டி தூக்கி எறியும். எனக்குப் பின்னாடி வர்றவங்க என் மேலதான் வந்து ஏறுவாங்க."

முதலாளி அவளைப் பார்க்கவில்லை. அவர் கண் தன் போக்கில் அண்ணன் பக்கம் போனது. தட்டிய ஆசாமியும் அந்தப் பக்கம்தான் திரும்பினார். எல்லோரும் அந்த நெட்டையன் தலையசைப்புக்குக் காத்திருந்தார்கள்.

"இதையும் அவன்தான் வந்து சொல்லணுமா?" என்று கேட்டாள். கத்தவில்லை. முற்றத்தில் ஒரு சத்தமும் இல்லாததால் எல்லோர் காதிலும் விழுந்தது.

அண்ணன் தலையசைக்கவில்லை. "என்னை ஏன் பாக்கறீங்க? அவகிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு ஜாக்கியை எடுக்க ஷெட்டுக்குள் போனான்.

முதலாளிக்கு வேறு வழியில்லை. அவள் பக்கம் திரும்பினார். "எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஆகற நேரம் ஆகும்."

ஆனது. வெயில் ஏறிக்கொண்டே வந்தது. கனத்த கோட்டுக்குள் அத்தனை பேரும் வியர்த்து வழிந்தார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அவள் ஷெட்டில் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து, அண்ணன் முடுக்கும் ஒவ்வொரு போல்ட்டையும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இரண்டு தடவை ஏதோ பேச வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்து வேலையைத் தொடர்ந்தான்.

முடிந்ததும் அவள் ஏறி உட்கார்ந்தாள். இடது கால் ஊன்றியது, வலது கால் தரைக்கு மேலே நின்றது. முற்றத்தை விட்டு முதல் ஆளாக வெளியே வந்தாள். பின்னால் அத்தனை வண்டிகளும் வரிசையாக வந்தன. எதிரே புழுதியே இல்லாத சாலை கிடந்தது. எத்தனையோ நாள் ஏங்கிய சாலை. அதை ரசிக்க அன்று அவளுக்கு மனம் வரவில்லை. மலை உச்சியை எட்டும்வரை அவள் கோபம் தணியவில்லை. வண்டியை மட்டும் நிதானமாக ஓட்டினாள்.