வடிகால் வாயும் ஐந்து கூட்டங்களும்

இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சலவைக்கடைக்காரி வீடு உண்டு, கடை உண்டு என்று இருந்தவள். மழைக்காலத்தில் மட்டும் கூடுதலாக ஒரு வேலை: கடைக்குள் ஏறும் தண்ணீரை வாளியால் அள்ளி வெளியே கொட்டுவது. துணி அலமாரிக்குக் கீழே செங்கல் வைத்து, அதன்மேல் இன்னொரு செங்கல் வைத்து உயர்த்தியதில், மேல்தட்டை எட்ட அவளுக்கே முக்காலி தேவைப்பட்டது.

அப்போதுதான் மாநகராட்சியின் கடிதம் வந்தது. காலநிலைச் செயல்திட்டக் குழுவில் அவள் ஒரு பங்குதாரராம்.

"எனக்குத் தெரியாம எந்தக் கம்பெனியில பங்கு வாங்கின?" என்றார் கணவர்.

"சும்மா இருங்க. வாசல் வடிகாலப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."

ஒரு வார்த்தையில் முடிகிற காரியமாக அது இல்லை. முதல் கூட்டத்தில் ஆளுக்கொரு பச்சைச் சீட்டைக் கொடுத்து, கனவு நகரத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். 'வடிகால் வாய் ரோட்டைவிட உயரத்தில் இருக்கிறது' என்று எழுதினாள். கழுத்தில் அட்டை தொங்க ஓயாமல் சிரிக்கும் ஒருங்கிணைப்பாளர் பெண், "அருமை மேடம்" என்று அதை 'நீர் மேலாண்மை' என்ற தலைப்பின்கீழ் ஒட்டினாள். அடுத்த கூட்டத்தில் மஞ்சள் சீட்டு. அதற்கடுத்ததில், கண்ணை மூடி முப்பது வருஷம் கழித்து நகரம் எப்படியிருக்கும் என்று பார்க்கச் சொன்னார்கள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சேறு படிந்த வெள்ளைச் சட்டைகள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அரைநாள் கடையடைப்பு. ஒவ்வொரு சீட்டிலும் அதே வாக்கியம். நான்காம் கூட்டத்துக்கு முந்தின நாள் பெய்த மழையில், ஒருவர் வேலைக்கான நேர்காணலுக்குப் போட வைத்திருந்த கோட்டு நனைந்து நாசமானது. அவர் திட்டத் திட்ட, வாங்கின கூலியை எண்ணித் திருப்பிக் கொடுத்தாள்.

ஐந்தாம் கூட்டத்தில் அறிக்கையை நீட்டினார்கள். பங்குதாரர் எல்லாரும் கையெழுத்திட்டால்தான் அது மாநகராட்சி மன்றத்துக்குப் போகும். வழவழப்பான நூற்றெண்பது பக்கங்களையும் புரட்டினாள். அவள் சீட்டோடு நிற்கும் படம் இருந்தது. அவள் தெரு இல்லை.

பேனாவை மூடி வைத்தாள். "என் கடை வாசல்ல வெச்சுப் போடறேன். எஞ்சினியரையும் கூட்டிட்டு வாங்க."

"அது இன்னிக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்லையே மேடம்."

"அஞ்சு கூட்டமா என் வாசலும்தான் இல்ல."

கடைசி வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த மாநகராட்சி எஞ்சினியர் எழுந்தார். "எந்தத் தெருங்க?"

குழு மொத்தமும் அவள் பின்னால் நடந்தது. எஞ்சினியர் வடிகால் வாயில் ரசமட்டத்தை வைத்து மட்டம் பார்த்தார். அவள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். அது வடிகால் பக்கமே போகாமல் திரும்பி, ஒருங்கிணைப்பாளரின் செருப்பை நனைத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தது.

"நாலு விரல் தூக்கலா இருக்கு. ஒரு நாள் வேலைதான். இத யாரும் எங்களுக்குச் சொல்லலையே?"

"நாலு தடவ எழுதிக் குடுத்தேன் சார்."

"அந்தச் சீட்டெல்லாம் எங்க ஆபீசுக்கு வராதுங்க."

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இஸ்திரி மேசையிலேயே அவரை வேலை உத்தரவு எழுத வைத்து, இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த மழையில் அவள் கடைத் தரை காய்ந்தே கிடந்தது. எதிர்வரிசையில் முழங்கால் அளவு தண்ணீர். அந்த வரிசை வேறு வார்டு; அங்கே குழுவே இன்னும் அமைக்கவில்லை. எதிர்க்கடை முடிதிருத்துபவர் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"அக்கா, எங்களுக்கும் நீங்களே கொஞ்சம் பேசுங்களேன்."

"இன்னும் அஞ்சு கூட்டமா? என்னால ஆகாதுப்பா" என்று சொல்லிவிட்டு, எஞ்சினியரின் நம்பரைத் தேடத் தொடங்கினாள்.