பதினான்கு ஜப்பானியச் சொற்களும் ஒரு பலகையும்

2025 ஜூலை 14, திங்கள், காலை 7.10. மேகமூட்டம், புழுக்கம், மழை வராது. முழங்கால் வலியோடு விருதுநகரில் சிவகாசி பஸ் ஏறினேன். டிக்கெட் 24 ரூபாய்.

மடியில் பதினாறு பக்க ஆங்கிலக் கையேடு. என் பழைய மாணவன் குமரேசன், தன் பட்டாசுக் கம்பெனிக்காக ஓர் ஆலோசகரை வைத்து எழுதியது. அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்கக் கூப்பிட்டிருந்தான். பிழைகள் ஏழு. ஜப்பானியச் சொற்கள் பதினான்கு.

'சுனாமி' என்ற சொல்லை நான் மறுக்கவில்லை. ஆங்கிலத்தில் அதற்குச் சரியான சொல் இல்லை, இரவல் வாங்கினார்கள். ஆனால் வேலை நடக்கும் இடத்தைக் 'கெம்பா' என்றால் வேலை கூடுதலாக நடக்குமா? பகட்டு. திருத்தங்கல் வருவதற்குள் பதினான்கையும் கோடிட்டு அடித்துவிட்டேன்.

8.15. சிவகாசியிலிருந்து ஆனைக்குட்டம் பக்கம் ஆட்டோ, 200 ரூபாய். "பீடி, தீப்பெட்டி இருந்தா எங்கிட்டயே குடுத்துருங்கய்யா, கேட்டுல தடவிப் பாப்பாக" என்றார் டிரைவர். என்னிடம் சிவப்புப் பென்சில்தான் இருந்தது.

9.00. குமரேசன் கம்பெனியைச் சுற்றிக் காட்டினான். மருந்து நிரப்பும் அறை ஒன்றின் வாசலில் மரப்பலகை. அதில் நான்கு மரமுளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சோடிச் செருப்பு. பலகையில் சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது.

"தேவையில்லாத சாமானுக்கு அந்தச் சீட்டு சார். ஜப்பான் முறை. செருப்பு தொங்குறது அசிங்கமா இருக்குல்ல? இன்னைக்குக் கழட்டிருவோம்."

அறையின் பொறுப்பாளர் செல்லத்தாய் வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"மொதலாளி, உள்ள நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாது. போன தீவாளி சீசன்ல லோடு லோடுன்னு வெரட்டுனீக, எண்ண நேரமில்ல. ஆறு பேரு குந்தியிருந்தோம். ஒரு பொறி விழுந்திருந்தா ஆறும் போயிருக்கும். அதான் அடிச்சு வச்சேன். முளையில எடமில்லன்னா ஆளு உள்ள வரப்படாது."

"ஆயிரந்தடவ சொல்லிட்ட. எண்ணத் தெரியாதாக்கும்?" என்றான் குமரேசன்.

நான் கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தேன். 'போக்கா யோக்கே': தவறு நேர இடமே கொடுக்காத ஏற்பாடு. காலையில் பஸ்ஸில் நான் அடித்துவிட்ட சொல்.

"குமரேசா, இந்தப் பலகைதான் போக்கா யோக்கே."

பக்கத்தையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தான். "இதுவா சார் அது?" சீட்டைக் கிழித்தான். "எல்லா ரூமுக்கும் ஒண்ணு அடிச்சிருவோம்."

செல்லத்தாய் சிரிக்கவில்லை. "இம்புட்டு நாளாத் தமிழ்லதான சொன்னேன். அந்தப் பேர எழுதிக் குடுங்க சார். நாளைக்கு இன்னொருத்தர் கழட்டச் சொன்னா காட்டணும்லா."

தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

மாலை 3.40, திரும்பும் பஸ். உட்கார இடமில்லை. பதின்மூன்று சொற்கள் அடித்தது அடித்தபடியே இருக்கட்டும். போக்கா யோக்கேயை மட்டும், அடித்த கோட்டை அழித்து, விட்டுவைத்தேன். அந்தச் சொல்லால் செல்லத்தாய்க்குப் புதிதாக எதுவும் தெரிந்துவிடவில்லை. குமரேசனுக்குக் காது கேட்டது, அவ்வளவுதான். அவனுக்கு ஆறு வருடம் ஆங்கிலம் நடத்தியவன் நான்.

பஸ் 48, ஆட்டோ போக வர 400, டீ 12. ஆக 460 ரூபாய்.