மூன்று என்று சொன்ன முகம்

என் கணவருக்கு எலுமிச்சை முள் குத்தினால் சிட்னி நார்த்மீட்டில் எங்கள் தெருவுக்கே தெரியும். வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு மரம்தான். காய் பறிக்கப் போகிறபோதெல்லாம் "ஐயோ, அம்மா!" என்று ஒரு சத்தம் வரும். நான் அடுப்பைக்கூடக் குறைக்காமல், "என்ன, உயிர் இருக்கா?" என்று உள்ளிருந்தே கேட்பேன். முகத்தை எட்டுக் கோணலாக்கி, விரலை நீட்டிக்கொண்டு வந்து நிற்பார். பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் ஒரு சொட்டு ரத்தம் கிடைக்காது.

அவர் யாழ்ப்பாணம், நான் மதுரை. சிட்னியில் சந்தித்துக் கல்யாணம் செய்து பதினோரு வருடம். அவருடைய வலி, பார்க்கிற ஆளைப் பொறுத்தது என்பது எனக்கு முதல் வருடத்திலேயே தெரிந்துவிட்டது. பல் பிடுங்கிய அன்று டாக்டரிடம் சிரித்துக் கைகுலுக்கிவிட்டு, காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும் அழுதவர் அவர். என் முன்னால் போடுவதெல்லாம் நடிப்பு என்று நான் முடிவு கட்டியிருந்தேன். எந்த முகம் நடிப்பு என்பதில்தான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன்.

அவரும் அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்களும் வருடத்துக்கு ஒருமுறை கிரிக்கெட் ஆடுவார்கள். ஓடுவது பாதி, மூச்சு வாங்குவது பாதி. போன வருடம் ஒரே பந்தைப் பிடிக்க இவரும் இன்னொருவரும் எதிரெதிரே ஓடி மோதிக்கொண்டார்கள். இவருடைய முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. கீழே கிடந்து கத்தினார். மைதானத்தைச் சுற்றி ஐம்பது பேர் குடும்பத்தோடு உட்கார்ந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் காதருகே குனிந்து, "கத்தாதீங்க, எல்லாரும் பார்க்கிறாங்க" என்றேன்.

வாயை மூடிக்கொண்டார்.

அன்று மாலையே ஆபரேஷன் செய்து எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஒரு நோயாளியைப் பார்க்க ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான் வரலாம் என்று வார்டு வாசலில் எழுதியிருக்கிறது. நம் ஆட்களுக்கு இரண்டு பேர் என்றால் இரண்டு கார். ஒன்பது பேர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பிளாஸ்கில் தேநீர், பெட்டியில் கட்லட், கால்மாட்டில் திராட்சை. இவரோ படுத்த இடத்திலிருந்தே எல்லோரையும் உபசரித்துக்கொண்டிருந்தார்.

நர்ஸ் வந்து, வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டார்.

"மூன்று" என்றார் என் கணவர், வாயெல்லாம் பல்லாக.

"இவன் பள்ளிக்கூடத்திலயே பிரம்படிக்கு அழாதவன்" என்றார் அணித்தலைவராக இருந்த நண்பர். எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸும் சிரித்துவிட்டு மூன்று என்று குறித்துக்கொண்டு போனார். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். பரவாயில்லை, நாலு பேர் முன்னால் மானத்தைக் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்தேன்.

வந்தவர்களை லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டேன். கதவு மூடியதும் திரும்பி வந்தேன். கட்டிலைச் சுற்றியிருந்த திரையில் சிறு இடைவெளி. அதன் வழியே அவர் முகம் தெரிந்தது.

பதினோரு வருடத்தில் நான் பார்க்காத முகம். கோணல் இல்லை, சத்தம் இல்லை. போர்வை நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, கண்களை இறுக மூடியிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. திரையை விலக்கினேன். அடுத்த நொடி போர்வை கீழே இறங்கியது, சிரிப்பு வந்து உட்கார்ந்தது.

"எல்லாரும் போயிட்டினமோ?"

"ரொம்ப வலிக்குதா?"

"சீச்சீ. சும்மா கொஞ்சம்."

முள்ளுக்கு ஊரைக் கூட்டுகிற மனிதர், எலும்பு முறிந்த காலுக்குச் 'சும்மா கொஞ்சம்' என்கிறார். ஓடிப்போய் நர்ஸிடம் சொன்னேன். இப்போதுதானே மூன்று என்றார் என்று நர்ஸ் தயங்கினார். "கேட்டால் மூன்று என்றுதான் சொல்வார். கேட்காமல் வந்து பாருங்கள்" என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று.

பெண் பார்க்கிற வீட்டில் கதவிடுக்கில் எட்டிப் பார்க்கிறவர்கள் போல நாங்கள் இருவரும் திரைக்குப் பின்னால் நின்றோம். நர்ஸுக்கு ஒரு நிமிடம்கூடப் பார்க்கத் தேவைப்படவில்லை. உள்ளே போய்ப் பாதத்தைத் தொட்டு, கால் பெருவிரலை மெல்ல மேல் நோக்கி வளைத்தார். என் கணவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம். காலுக்குள் வீக்கம் ஏறி, தசைக்கு ரத்தம் போகாமல் நெருக்குகிறது, உடனே கீறித் திறந்துவிட வேண்டும், தாமதித்தால் காலே போய்விடும் என்றார் டாக்டர். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது கூடவே ஓடினேன்.

"ஏங்க இவ்வளவு நேரம் சொல்லல?"

"நீர்தானே கத்த வேண்டாமெண்டு சொன்னனீர்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். ஓங்கி அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து, கால் தப்பிவிட்டது என்றார். நான் அந்த நடைபாதையில் போட்ட கூச்சல் எந்தக் கிரிக்கெட் மைதானத்திலும் கேட்டிருக்காது. நர்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்த்தார்கள்.

மறுநாள் மாலை நண்பர்கள் மறுபடியும் வந்தார்கள். அதே நர்ஸ், அதே கேள்வி. இவர் ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"எட்டு" என்றார், முகத்தை நன்றாகச் சுளித்து.

யாரும் சிரிக்கவில்லை. பிரம்படிக் கதை சொன்ன நண்பர் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தார். "எனக்கும் ஆறு மாசமா முதுகு நோகுது மச்சான். வீட்டில சொல்லேல்ல." அடுத்த வாரமே அவரை அவர் மனைவி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

போன மாதம் இவர் ஊன்றுகோலைத் தூக்கிப் போட்டுவிட்டு, தன் இரண்டு காலால் நடந்துபோய் எலுமிச்சை பறித்தார். "ஐயோ, அம்மா!"

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். விரலை நீட்டிக்கொண்டு நின்றார். எட்டுக் கோணல், அதே முகம். பக்கத்து வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"நல்லா கத்துங்க" என்றேன். "பார்க்கிறவங்க பார்க்கட்டும்."